பார்த்தாயிற்று, பழுதில்லை

நம் கதைகளில் ஆகாய விமானம் எதற்காக விழுகிறது? கதாநாயகியின் முதல் புருஷன் இடைஞ்சலாக இருக்கிறான். அவனை அப்புறப்படுத்த வேண்டும். ஆகவே விமானம் விழுகிறது. மறுநாள் பத்திரிகையில் பெயர் வருகிறது, வீட்டில் அழுகை, பிறகு அடுத்த அத்தியாயம். ஏன் விழுந்தது என்று ஆசிரியர் சொல்வதில்லை, வாசகரும் கேட்பதில்லை. விதி என்ற வேலைக்காரன் சம்பளமில்லாமல் உழைக்கும்போது காரணம் எதற்கு?

அந்தக் காரணத்தையே நாவலாக்கியவர் ஒருவர் உண்டு. நெவில் ஷூட் என்ற ஆங்கிலேயர் 1948-ல் எழுதிய 'நோ ஹைவே'யைத்தான் சொல்கிறேன். ஷூட் தாமே விமான என்ஜினியர். இரும்பையும் அலுமினியத்தையும் பற்றி எழுதும்போது அவர் நடையில் தடுமாற்றமே இல்லை. காதலைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் உண்டு.

கதாநாயகர் ஹனி, ஃபார்ன்பரோவில் உள்ள அரசாங்க ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானி. மனைவியை இழந்தவர், ஒரு சிறு பெண் இருக்கிறாள். உடையில் ஒழுங்கில்லை, பேச்சில் சாமர்த்தியம் இல்லை. 'ரெயின்டீர்' என்ற புது விமானத்தின் வால்பகுதி 1,440 மணி நேரம் பறந்ததும் ஒடியும் என்பது அவர் கணக்கு. கனடாவில் விழுந்து கிடக்கும் ஒரு ரெயின்டீரின் உடைசலைப் பார்த்து வர அவரை அனுப்புகிறார்கள். நடு அட்லாண்டிக்கில்தான் தாம் உட்கார்ந்திருப்பதும் ரெயின்டீர், அதுவும் கெடு நெருங்கிய ரெயின்டீர் என்று அவருக்குத் தெரிகிறது. காண்டர் என்ற இடத்தில் இறங்கியதும் விமானத்தைச் சோதிக்கிறார்கள். ஒரு பழுதும் இல்லை. புறப்படலாம் என்கிறார்கள். பரம சாதுவான ஹனி, விமானி இருக்கும் இடத்துக்குப் போய்ச் சக்கரங்களை மடக்கும் பிடியை இழுத்துவிடுகிறார். அவ்வளவு பெரிய யந்திரம் தரையில் வயிறு பட உட்கார்ந்துவிடுகிறது.

பைத்தியக்காரன் என்கிறார்கள். அவர் கையில் கணக்கைத் தவிர வேறு சாட்சியம் கிடையாது. இந்த இடத்துக்காகவே நாவலைப் படிக்கலாம்.

என் பௌதிகம் காலேஜ் இரண்டாவது வருஷத்தோடு நின்றுபோனது. ஆனாலும் விஷயம் சிரமமில்லை. கட்டுக் கம்பியை ஒரு தரம் வளைத்தால் ஒன்றும் ஆகாது. வளைத்து வளைத்து நிமிர்த்தினால் பட்டென்று ஒடியும். உலோகச் சோர்வு என்பது இதுதான். இது பரவலாகத் தெரிய வந்தது ரயில் அச்சுகளில். 1842-ல் பிரான்சில் வெர்சேல்ஸ் அருகே ஓர் என்ஜினின் அச்சு முறிந்து பலர் மாண்ட பிறகு தீவிரமாக ஆராய்ந்தார்கள். ரயில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, விரிசல் உண்டா என்று ஓசையைக் கொண்டு கண்டுபிடிக்கும் வழக்கம் நம் ஸ்டேஷன்களிலும் வெகுகாலம் இருந்தது.

நான் வசிக்கும் அண்ணனூரில் மின்சார ரயில் பணிமனை இருக்கிறது. அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு ஃபிட்டரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். ஹனியின் வீரத்தை அவர் வியக்கவில்லை. "பாத்துட்டு ஒண்ணுமில்லேன்னு கையெழுத்துப் போட்டானே, அவன் என்னா ஆனான் சார்?" என்று கேட்டார்.

இதைவிடக் கூர்மையான விமரிசனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை. ஷூட்டின் நாவலில் அதற்குப் பதில் கிடையாது. தெரிந்தவனின் கதை அது. ஒழுங்காகப் பார்த்து, கண்ணுக்கு ஒன்றும் அகப்படாமல், உண்மையைச் சொல்லியே தவறிப்போனவர்கள் அதில் ஓரமாக வந்து ஓரமாகவே போய்விடுகிறார்கள்.

கற்பனை நிஜமாக அதிக காலம் ஆகவில்லை. 1954 ஜனவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு காமெட் ஜெட் விமானங்கள் இத்தாலியை அடுத்த கடலில் சிதறி விழுந்தன. ஹனியின் அதே ஃபார்ன்பரோவில் ஒரு காமெட்டைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்துத் திரும்பத் திரும்ப அழுத்தம் ஏற்றிப் பார்த்தார்கள். கூடு கிழிந்தது. காரணம் உலோகச் சோர்வு.

நமக்கு இன்னும் நெருக்கமானது 1976 அக்டோபர் 12. பம்பாயிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸ் கேரவெல் விமானத்தின் என்ஜினுக்குள் சுழலும் ஒரு தட்டு, சோர்வால் விண்டிருந்த இடத்தில் வெடித்துச் சிதறியது. எரிபொருள் குழாய் அறுந்து தீப்பற்றியது. விமானி திரும்பி இறங்க முயன்றார். இறங்குமுன் விமானம் அவர் வசம் இல்லை. 95 பேரும் இறந்தார்கள். ஷூட்டின் விமானத்தில் ஒரு சினிமா நடிகை வருகிறாள். இதில் ராணி சந்திரா இருந்தார். அவர் நடித்துவந்த 'பத்ரகாளி'யை வேறொரு பெண்ணைக் கொண்டு முடித்தார்கள். நடிகையைப் பற்றி இன்றும் பேசுகிறோம். அந்தத் தட்டைப் பற்றிப் பேசுகிற கதை ஒன்றுகூடத் தமிழில் என் கண்ணில் பட்டதில்லை.

ஷூட்டிடம் எனக்கு இன்னொரு புகாரும் உண்டு. காட்டில் தொலைந்த வால்பகுதி எங்கே கிடக்கிறது என்பதை ஹனி பிளான்செட் பலகை மூலம், ஆவி எழுத்தால், தெரிந்துகொள்கிறார்! முக்கால் புஸ்தகம் வரை கணக்கை நம்பச் சொன்னவர் கடைசியில் குறி கேட்கப் போகிறார். இந்த வித்தைக்கு ஃபார்ன்பரோ வரைக்கும் போவானேன்? நம் ஊரிலேயே மலிவாகக் கிடைக்கும். சினிமாக்காரர்கள் 1951-ல் இதைப் படமாக எடுத்தார்கள். ஜேம்ஸ் ஸ்டூவர்ட் ஹனியாகவே நடந்து காட்டுகிறார்.

ஃபிட்டரின் கேள்விக்கு வருகிறேன். காண்டரில் விளக்கைப் பிடித்துக்கொண்டு வாலடியில் நுழைந்து பார்த்தவனுக்கு வீடு இருந்திருக்கும், மனைவி இருந்திருப்பாள். ரெயின்டீரின் வால் ஒடியக்கூடியதுதான் என்று பின்னால் ருசுவாகிறது. அன்று ராத்திரி அவன் சாப்பிட உட்கார்ந்ததை ஷூட் எழுதவில்லை. அந்த அத்தியாயத்தை எழுத வேண்டியவன் ரயில் பணிமனையோ விமான நிலையமோ பக்கத்தில் குடியிருக்கும் ஒரு தமிழ் எழுத்தாளன்.