பென்சிலால் எழுதிய தெரேசா

கை நிறைய ரோஜாப்பூ, லேசாகச் சாய்ந்த தலை. லிசியே தெரேசாவின் சுரூபத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் அலுப்புதான். இனிப்பு தூக்கல். அவருடைய தன்வரலாறான 'ஓர் ஆன்மாவின் கதை'யையும் அதே அலுப்போடுதான் எடுத்தேன். முதல் பாதி என் அலுப்பைப் பெரிதாக மாற்றவும் இல்லை. வீட்டின் கடைக்குட்டி, நிறைய கண்ணீர், நிறைய செல்லம்.

தெரேசா 1897 செப்டம்பர் 30 அன்று, 24 வயதில், காசநோயால் இறந்தார். சரியாக ஒரு வருடத்தில் புத்தகம் 2000 பிரதிகள் அச்சாகி வந்தது. ஆனால் உலகம் கொண்டாடியது அவர் எழுதியதை அப்படியே அல்ல. மூன்று பேருக்குத் தனித்தனியாக எழுதிய மூன்று கையெழுத்துப் பிரதிகளை, அதே மடத்தில் கன்னியாஸ்திரியாக இருந்த அக்கா போலின் ஒன்றாகத் தைத்து, ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட திருத்தங்கள் செய்தார். மூன்றும் மடத்தலைவிக்கே எழுதப்பட்டவை போல மாற்றப்பட்டன; அது தலைவி போட்ட நிபந்தனை. எந்த வரியை யார் மாற்றினார்கள் என்று காட்டிக்கொடுக்க அப்போது கிட் இல்லையே! மூலம் வெளிவர 1956 ஆனது. அதற்குள், 1925லேயே, அவர் புனிதராகிவிட்டார். இன்னொரு அக்கா செலின் மடத்துக்குள் எடுத்த புகைப்படங்களுக்கும் இதே கதிதான், டச்சப் செய்த முகமே வெளியே போனது.

மூலத்தில் என்னை உட்கார வைத்தது 1897 ஜூனில் எழுதிய மூன்றாம் பிரதி. முந்தைய வருட ஈஸ்டரிலிருந்தே அவருக்குள் சொர்க்கம் அணைந்துபோயிருந்தது. இருட்டு அவரைக் கேலி செய்கிறது: செத்தால் உனக்குக் கிடைக்கப்போவது இதைவிடப் பெரிய இருட்டு, வெறும் சூன்யம் என்று. நம்பிக்கையற்றவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவதாகத் தன்னைச் சொல்லிக்கொள்கிறார். அப்புறம் சட்டென்று நிறுத்துகிறார், இதற்கு மேல் எழுதினால் தேவதூஷணம் ஆகிவிடுமோ என்ற பயத்தில். விசுவாசப் பிரமாணத்தைத் தன் ரத்தத்தால் எழுதி நெஞ்சோடு வைத்திருந்தவர் இவர். அந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால் சுரூபம் மறந்துபோகும்.

முதல் பதிப்பு இந்த இருட்டை முழுக்க மறைக்கவில்லை, மழுக்கியது. போலினை வில்லியாக்கவும் எனக்கு மனசில்லை. வேண்டியதை மாற்றிக்கொள் என்று தங்கையே அனுமதி கொடுத்திருந்தார். அந்த அக்கா கேட்டிருக்காவிட்டால் தெரேசா எழுதவே உட்கார்ந்திருக்கமாட்டார். ஆனாலும் இலக்கியமாகப் படிக்கிறவர்கள் மூலத்தைத்தான் தேடிப் படிக்க வேண்டும்.

கடைசிப் பக்கங்கள் பென்சிலில் இருக்கின்றன. பேனாவை மையில் தொட்டு எழுதும் தெம்பு அப்போது அவர் கையில் இல்லை.