முகம் இல்லாத அட்டை: லோத்ரெக்கின் கல்லச்சுப் படங்கள்

துலூஸ்-லோத்ரெக் என்றதும் மூலான் ரூஜ் சுவரொட்டிதான் பலருக்கும் ஞாபகம் வரும். எனக்கும் அப்படித்தான். இந்த வாரம் அவருடைய வேறொரு வேலையைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாரிஸ் மேடைப் பாடகி இவெத் கில்பேரைப் பற்றி 1894இல் வந்த கல்லச்சுத் தொகுப்பு அது. 16 படங்கள், கூடவே குஸ்தாவ் ஜெஃப்ருவாவின் கட்டுரை. அச்சிட்டது 100 பிரதிகள்தான்.

முதலில் பார்த்தப்ப கொஞ்சம் கோபமே வந்தது. தூக்கலான மூக்கு, இழுத்துச் சுளித்த வாய், நீண்ட கழுத்து. அப்போது கில்பேருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. படத்தில் ஐம்பது தெரிகிறது! இது உருவப்படமா, கேலிச்சித்திரமா?

அந்த அம்மாவுக்கும் வருத்தம் இருந்தது. அதே ஆண்டு லோத்ரெக் வரைந்து காட்டிய சுவரொட்டி மாதிரியை, தன்னை இவ்வளவு அசிங்கமாகக் காட்டவேண்டாம் என்று மறுத்துவிட்டார். ஆனால் இந்தத் தொகுப்பின் பிரதிகளில் அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அது ஏன்?

எனக்குத் தோன்றும் பதில் இது. சுவரொட்டி தெருவில் போகிற எல்லாருக்குமானது. முகம் பிடித்தால்தான் டிக்கெட் வாங்குவார்கள். தொகுப்பை வாங்குபவர்கள் அவர் பாட்டை ஏற்கெனவே கேட்டவர்கள். அவர்களுக்கு அழகு வேண்டாம், அந்தப் பாட்டு வேண்டும். லோத்ரெக் வரைந்ததும் அதைத்தான். மேடை விளிம்பு விளக்கு கீழேயிருந்து அடித்தால் யார் முகமும் இப்படித்தான் கோணும். ஒரு சொல்லை உச்சரிக்கும் நொடியில் வாயும் அப்படித்தான் இருக்கும்.

கல்லச்சு இதற்குத் தோதானது. இதில் செதுக்கல் கிடையாது. எண்ணெய்ப் பசையுள்ள கிரேயானால் சுண்ணாம்புக்கல்லில் நேரடியாக வரையலாம். நனைந்த கல்லில் மை அந்தப் பசையில் மட்டும் ஒட்டும். அதனால் கை போன வேகம் அப்படியே தாளுக்கு வருகிறது. ஆலிவ் பச்சை மையில் அந்தக் கோடுகள் இன்னும் ஈரமாக இருப்பதுபோலத் தெரிகின்றன.

எல்லாப் படமும் தேறும் என்று சொல்லமாட்டேன். சிலவற்றில் கோணல் வெறும் பழக்கமாகிவிடுகிறது. அட்டைப்படம் அப்படியில்லை. அதில் முகமே கிடையாது. கில்பேரின் அடையாளமாகிப்போன நீண்ட கறுப்புக் கையுறைகள் மட்டும் கழற்றிப் போட்டபடி கிடக்கின்றன. அவற்றைப் பார்த்த பிறகு என் கோபம் பாதி போய்விட்டது. மீதிப் பாதி இருக்கட்டும். அது கில்பேரின் பக்கம் நிற்கிற கோபம்.