பொறி கண்ட வட்டங்கள்

ஏடுகளிலே எழுத்தைத் தேடியவர் பலர். படத்தைத் தேடியவர் மிகச் சிலர். பழைய வானநூல்களையும் வடிவக் கணித நூல்களையும் பதிப்பித்த பேரறிஞர்கள் சொல்லுக்குச் சொல் பாட வேறுபாடு குறித்தார்கள். ஓரெழுத்து மாறியிருந்தாலும் அடிக்குறிப்பு எழுதினார்கள். அதே பக்கத்திலே ஞாயிறும் திங்களும் நிலவுலகும் வட்டங்களாய் நிற்க, அவற்றை மட்டும் "விளங்கும்படி" புதிதாக வரையச் செய்து அச்சுக்கு அனுப்பினார்கள். செய்யுளில் ஓரடியைச் சேர்த்தால் இடைச்செருகல் என்று சீறுகிறோம். படத்திலே ஒரு கோட்டைத் திருத்தினால் மட்டும் செம்பதிப்பு என்று சிறப்புச் செய்வதா?

இந்தக் கேள்வியை இன்று எழுப்பக் காரணம் உண்டு. படங்களைப் படிக்கும் பணியைப் பொறியிடம் ஒப்படைக்க அறிஞர்கள் முனைந்துவிட்டார்கள். பாரிசு வானாய்வகத்தின் வரலாற்றறிஞர் மத்தியூ உசோனும், கணினிக்குக் காணக் கற்பிக்கும் துறையைச் சேர்ந்த மத்தியூ ஓப்ரியும், அவர்களுடைய தோழர் மூவரும் சேர்ந்து எழுதி, 2024ஆம் ஆண்டு ஏதென்சு நகரில் கூடிய ஆவண ஆய்வு மாநாட்டின்முன் வைத்த கட்டுரையே நான் இங்கே எடுத்துக்கொள்வது. பழைய வானநூற் படங்களை வட்டம், வில், கோட்டுத்துண்டு என்னும் அடிப்படை வடிவங்களாகச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு பிரித்தெடுப்பது அதன் பொருள்.

முயற்சி பெரிது, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். உலகத்து நூலகங்களில் உறங்கும் கையெழுத்து ஏடுகளில் இத்தகைய படங்கள் இலட்சக் கணக்கில் இருக்கின்றன. அரபு கற்றவர் இலத்தீன் அறியார். இலத்தீனில் வல்லவர் சீன ஏட்டைத் திருப்பவும் அஞ்சுவார். மொழி ஒவ்வொன்றும் ஒரு மதிலாக நிற்கிறது. வட்டத்துக்கோ மொழியில்லை. பாக்தாதில் வரைந்தாலும் பாரிசில் வரைந்தாலும் அது வட்டமே. ஆகவே வட்டங்களை ஒப்பிடத் தெரிந்த ஒரு கண் கிடைத்தால், அறிவு எந்த வழியாக எந்த நாட்டுக்குப் போயிற்று என்பதை மதில்களுக்கு மேலே நின்று பார்க்கலாம். அந்தக் கண்ணைத்தான் இவர்கள் உருவாக்க முயல்கிறார்கள்.

12ஆம் நூற்றாண்டு முதல் 18ஆம் நூற்றாண்டு வரையிலான, பல மரபுகளைச் சேர்ந்த 303 படங்களைத் திரட்டினார்கள். அவற்றில் 3,000க்கும் மேற்பட்ட கோடுகளையும் வட்டங்களையும் விற்களையும் அடையாளமிட்டார்கள். பொறியைப் பயிற்றுவதற்கு இந்த 303 போதுமா? போதாது. எனவே கணினியைக் கொண்டே செயற்கைப் படங்களை ஆக்கி, அவற்றை மட்டுமே காட்டிப் பொறிக்குப் பாடம் சொன்னார்கள். உண்மைப் படங்கள் 303ஐயும் தேர்வுக்கு வைத்துக்கொண்டார்கள். பாடப்புத்தகத்தில் இல்லாத கணக்கைத் தேர்வில் கொடுத்தால் மாணவன் திணறுவான். இவர்களுடைய பொறி திணறவில்லை. கோடுகளை மட்டுமே காணவல்ல முந்தைய முறையைவிட இது நன்றாகவே தேறியிருக்கிறது.

இனி என் குறைகள்.

கரும்பலகையிலே கயிறும் சுண்ணக்கட்டியும் கொண்டு வட்டம் வரைந்த எந்த ஆசிரியரும் அறிவார்: வட்டம் என்று வாய் சொல்வது ஒன்று, கை வரைவது மற்றொன்று. தோல் ஏட்டிலே கவராயம் ஊன்றி வரைந்தவர் கையும் அப்படித்தான். ஓரிடத்தில் மை மிகும், ஓரிடத்தில் மங்கும், கவராயத்தின் முனை நழுவினால் தொடங்கிய இடமும் முடிந்த இடமும் கூடா. இந்தப் பொறி அத்தகைய கோணல் வட்டத்தைக் கண்டு அதற்கு ஒரு மையமும் ஓர் ஆரமும் கொடுக்கிறது. அதாவது குற்றமற்ற வட்டமாக்கி நமக்குத் தருகிறது. எழுதியவருடைய கை மறைந்துபோகிறது. கணிதம் மட்டும் எஞ்சுகிறது.

மறைந்தால் என்ன என்று கேட்கலாம். ஏடு ஆராய்வோருக்கு அந்தக் கோணல்தான் கருவூலம். இரண்டு ஏடுகளில் ஒரே பிழை இருந்தால் ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டது, அல்லது இரண்டுக்கும் தாய் ஏடு ஒன்று என்று துணிகிறோம். நேர்மையான வட்டம் யாரிடமும் இருக்கலாம். நெளிந்த வட்டம் உறவினரிடம் மட்டுமே இருக்கும். "எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்" என்று பழமொழி பழிக்கிறது. அவன் கெடுத்த கேட்டை வைத்துத்தான் நாம் குலவழி காண்கிறோம்.

இந்தத் தவறு முன்னரே நடந்திருக்கிறது. யூக்ளிடையும் ஆர்க்கிமிடீசையும் கிரேக்க மூலத்தில் பதிப்பித்த டென்மார்க்கு அறிஞர் ஐபர்க்கு மாபெரும் புலவர். அவர் உழைப்பை எண்ணினால் மெய் சிலிர்க்கும். 1906ஆம் ஆண்டில் கான்ஸ்டாண்டிநோபிளில், வழிபாட்டு நூலின் அடியில் மறைந்து கிடந்த ஆர்க்கிமிடீசின் எழுத்தைக் கண்டு படித்தவர் அவர். ஆனால் எழுத்துக்குக் காட்டிய பொறுமையை அவர் படத்துக்குக் காட்டவில்லை. இரெவீல் நெட்சு, கென் சைட்டோ போன்ற பிற்கால அறிஞர்கள் கையெழுத்து ஏடுகளைத் திரும்பப் பார்த்தபோது, அச்சுப் பதிப்பில் உள்ள படங்கள் வேறு, ஏட்டில் உள்ள படங்கள் வேறு என்பது வெளிப்பட்டது. "ஏதேனும் ஒரு முக்கோணம்" என்று நூல் சொல்லுமிடத்தில் ஏடுகள் பல இருபக்கம் ஒத்த முக்கோணத்தை வரைகின்றன. "இணைகரம்" என்னுமிடத்தில் செவ்வகம் வரைகின்றன. அது அவர்களுடைய வழக்கு. படத்தை அவர்கள் எப்படிப் படித்தார்கள் என்பதற்குச் சான்று. பதிப்பாளர் நம்முடைய பள்ளிக்கூட வழக்குக்கேற்ப அதை மாற்றிவிட்டார். அந்தச் சான்று நூறாண்டுக் காலம் அச்சில் இல்லாமற்போயிற்று.

ஒருவர் கையால் சில நூறு படங்களுக்கு நேர்ந்தது இது. பொறியின் கையால் இலட்சம் படங்களுக்கு நேருமானால்? மூலப் படத்தின் நிழற்படம் பக்கத்திலேயே நிற்க, பொறி கண்ட வடிவம் அதன்மேல் ஒரு மெல்லிய உரையாகப் படியுமானால் கேடில்லை. மூலத்தை விட்டுப் பொறியின் வடிவத்தை மட்டும் அள்ளிக்கொண்டு போய் ஒப்பிட்டு எண்ணிக்கை போடுவார்களானால், ஐபர்க்கின் பிழை மீண்டும் பிறந்ததாகும். இம்முறை ஆயிரம் மடங்காகப் பிறந்ததாகும்.

செயற்கைப் படங்களால் பாடம் சொன்னதிலும் எனக்கு ஓர் ஐயம். பழைய படம் எப்படியிருக்கும் என்று இன்றைய அறிஞர் எண்ணுகிறாரோ, அப்படித்தானே அச்செயற்கைப் படம் அமையும்? அவர் எண்ணத்திற்குள் அடங்காத ஒரு வரைவு எங்கோ ஓர் ஏட்டில் இருந்தால், பொறி அதைக் கறையென்று தள்ளுமா, கண்டுபிடிப்பென்று காட்டுமா? தேர்வுக்கு வைத்த 303 படங்களில் அது தேறியது உண்மை. ஆனால் வரலாற்றை மாற்றும் படம் எப்போதும் பழகிய படமாக இருப்பதில்லை.

எல்லாவற்றிலும் பெரிய குறை வேறொன்று. அதைச் சொல்ல நசீருத்தீன் அல்தூசியிடம் போகவேண்டும். பெயர் தூசி, அறிவோ மலை. இன்றைய ஈரானில் உள்ள மராகாவில் 1259ஆம் ஆண்டில் எழுந்த வானாய்வகத்தின் தலைவர் அவர். 1261ஆம் ஆண்டில் எழுதிய தமது வானநூலில் ஓர் அழகிய அமைப்பைக் காட்டினார். ஒரு வட்டத்துக்குள்ளே அதன் விட்டத்தில் பாதி விட்டமுள்ள சிறுவட்டம் ஒன்று உருள்கிறது. சிறுவட்டத்தின் விளிம்பில் ஒரு புள்ளியை வைத்துப் பாருங்கள். அது வளைந்து வளைந்து போகும் என்றுதான் எவரும் நினைப்பார். போவதில்லை. பெருவட்டத்தின் விட்டத்திலேயே நேர்கோடாக முன்னும் பின்னும் ஊசலாடுகிறது. இரண்டு சுழற்சிகள் கூடி ஒரு நேர்கோடு! தாலமியின் வானத்திலிருந்த ஒழுங்கற்ற அசைவுகளை ஒழுங்கான சுழற்சிகளால் விளக்க அவருக்கு இது கருவியாயிற்று.

இதே அமைப்பு 1543ஆம் ஆண்டில் அச்சான கோப்பர்நிக்கசின் பெருநூலில், மூன்றாம் பகுதியில் நிற்கிறது. தூசியின் பெயர் அங்கே இல்லை. இரவல் வாங்கினாரா, தாமே கண்டாரா? 1973ஆம் ஆண்டில் வில்லி ஆர்ட்னர் என்னும் செருமானிய அறிஞர் இரு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். அவர் பார்த்தது வட்டங்களையா? இல்லை, எழுத்துகளை! அரபுப் படத்தில் அலிப் நின்ற இடத்தில் இலத்தீன் படத்தில் ஏ. பே நின்ற இடத்தில் பி. தால் நின்ற இடத்தில் டி. ஓரிடம் மட்டும் பிறழ்ந்தது: ஸாய் இருக்க வேண்டிய இடத்தில் எஃப் நின்றது. அரபுக் கையெழுத்தில் ஸாய் என்பதை ஃபே என மயங்கிப் படிப்பது எளிது என்று பின்னர் ஜார்ஜ் சலீபா விளக்கினார். அப்படியானால் அந்த ஒரு பிறழ்ச்சியே பார்த்தெழுதியதற்குச் சாட்சி! இதை எல்லாரும் ஏற்கவில்லை. 2014ஆம் ஆண்டில் பிளோசோ என்பவர் இந்த வாதங்களை ஒவ்வொன்றாக மறுத்து எழுதினார். வடிவக் கணிதத்தில் புள்ளிகளுக்கு எழுத்திடும் பொதுவழக்கே அந்த ஒற்றுமையைத் தந்திருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. தூசியின் அமைப்பு வரையப்பட்ட கிரேக்க ஏடு ஒன்று வத்திக்கான் நூலகத்தில் இருப்பதும், கோப்பர்நிக்கசு இத்தாலியில் பயின்றவர் என்பதும் வழக்குக்கு வலிமை சேர்க்கின்றன, முடித்து வைக்கவில்லை.

வழக்கு எதைப்பற்றி நடக்கிறது என்று பாருங்கள். இரு படங்களிலும் வட்டங்கள் ஒன்றுதான் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. எழுத்துகளைப் பற்றியே வாதம். நம் கட்டுரையாளர்களின் பொறிக்கோ எழுத்து தேடுபொருளே அன்று. அது காண்பது கோடு, வட்டம், வில் மட்டும். கீழ்நாட்டு அறிவு மேல்நாட்டுக்குச் சென்ற வழியைத் தேடும் ஆய்வில் மிகப் புகழ்பெற்ற வழக்கை எடுத்து வந்து இப்பொறியின் முன் வைத்தால், எல்லாரும் ஒப்புக்கொண்டதை அது மெய்ப்பிக்கும். எல்லாரும் சண்டையிடுவதைப் பற்றி வாய் திறவாது.

இதனோடு பெர்லினில் நடந்த மற்றொரு பணியை ஒப்பிட்டால் வேற்றுமை தெரியும். 13ஆம் நூற்றாண்டில் சாக்ரோபோசுகோ எழுதிய கோளம் பற்றிய பாடநூல், 1472 முதல் 1650 வரை பல வடிவங்களில் அச்சேறியது. அவ்வகைப் பதிப்புகள் 359ஐ மத்தேயோ வல்லேரியானியும் தோழர்களும் திரட்டி, அவற்றிலுள்ள எண் அட்டவணைகளைப் பொறியைக் கொண்டு ஒப்பிட்டு 2024ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். அங்கே பொறி எண்களையே படித்தது. எண்தான் அட்டவணையின் உயிர். விட்டன்பர்க்கு நகரத்து நூல்கள் ஒன்றையொன்று மிகவும் ஒத்திருந்தன என்று அது காட்ட, மெலாங்டன் முதலான சீர்திருத்தக்காரர்களின் கல்விக் கட்டுப்பாடு அதற்குக் காரணம் என்று வரலாறு விடை சொன்னது. பொறி கேள்வியைக் கொண்டுவந்தது. மனிதர் காரணத்தைக் கொண்டுவந்தார்கள். பங்கு சரியாகப் பிரிந்திருக்கிறது.

படமே இல்லாத வானநூல் மரபுகளை இப்பொறிகள் என்ன செய்யும் என்பதும் எண்ணத்தக்கது. 1825ஆம் ஆண்டில் சென்னையில் வெளிவந்த 'கால சங்கலிதம்' என்னும் நூலில் சான் வாரன் ஒரு செய்தி தருகிறார். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவர், தரையிலே சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டே அவ்வாண்டு மே இறுதியில் நிகழவிருந்த திங்கள் மறைப்பைக் கணித்தாராம். தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம், பிழை அவ்வளவே. 1952ஆம் ஆண்டில் நாய்கபவர் என்னும் பேரறிஞர் இதை எடுத்து ஆராய்ந்து தமிழர் வானநூல் பற்றித் தனிக்கட்டுரையே எழுதினார். அங்கே வட்டமும் இல்லை, கோடும் இல்லை. கணக்கு முடிந்ததும் சோழிகளை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டால் தரையில் ஒன்றும் எஞ்சாது. கோட்பாடு அறியாமலே அவர் கணித்தார் என்பது வாரனின் வியப்பு. பொருளறியாது கணிக்கும் இன்றைய பொறியைக் கண்டால் அவர் இன்னும் வியந்திருப்பார்.

படம் வரைந்து வைத்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு உலக வானநூலின் வரலாறு இதுவே என்று ஒருவர் வரைபடம் தீட்டுவாரானால், சோழிக்காரருக்கு அதில் இடமிராது. இக்கட்டுரையாளர்கள் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் "உலகளாவிய" என்னும் சொல்லைக் கையாள்கிறார்கள். அச்சொல்லுக்குரிய அளவு இன்னும் 303 படங்களுக்கு வந்துவிடவில்லை.

அடுத்த கட்டுரையில் இவர்கள் எழுத்தையும் பொறியின் கண்ணுக்குக் காட்டட்டும். கோணலை அளந்து, வட்டத்தின் மையத்தோடும் ஆரத்தோடும் அதையும் ஓர் எண்ணாகக் குறித்து வைக்கட்டும். மராகாவின் படத்தையும் கோப்பர்நிக்கசின் படத்தையும், இடையிலே நிற்கும் கிரேக்க ஏட்டையும் ஒருசேர அதன்முன் வைக்கட்டும். ஆர்ட்னர் இரண்டு படங்களை வைத்துக்கொண்டு கேட்ட கேள்வியை, ஸாய் எஃப் ஆனது எப்படி என்னும் அந்தச் சிறு கேள்வியை, அரபும் கிரேக்கமும் இலத்தீனும் அறிந்தவர்கள் அப்போது ஆயிரம் படங்களை வைத்துக்கொண்டு கேட்கலாம்.