ஆயி மண்டபம்

காரைக்காலில் அரசாங்கக் காகிதம் எதை எடுத்தாலும் புதுச்சேரி அரசின் சின்னமாக ஒரு மண்டபம் இருக்கும். அதை நேரில் பார்க்கப் புதுச்சேரி பாரதி பூங்காவுக்குப் போக வேண்டும். வெள்ளை வெளேரென்று, கிரேக்க-ரோமானியச் சாயலில் தூண்களும் வளைவுகளும். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் பிரெஞ்சுக்காரர் கட்டியது. பெயரோ ஆயி என்ற கணிகையுடையது. அவள் மாளிகை விளக்கொளியைக் கோயிலென்று எண்ணிக் கிருஷ்ணதேவராயர் கும்பிட்டாராம். உண்மை தெரிந்ததும் சினந்து, இடிக்கச் சொன்னாராம். ஆயி தானே இடித்துவிட்டு அங்கே குளம் வெட்டினாள் என்பது ஊர் வழக்கு. அந்தக் குளம் இருந்த முத்தரையர்பாளையத்திலிருந்து நகருக்குக் குடிநீர் வந்ததன் நினைவாக எழுந்த மண்டபம் இது. படை வென்றவனுக்கு வளைவு எழுப்பும் பாணியில் தண்ணீர் தந்தவளுக்கு எழுப்பியிருக்கிறார்களே, அதுதான் அழகு! சாய்ந்த வெயிலில் போங்கள். தூண்களின் விளிம்பெல்லாம் துலக்கமாகத் தெரியும்.