கோடம்பாக்கத்துக் குழல், இபிசா மாலை

தி.நகரிலும் மயிலாப்பூரிலும் கேஸட் காலத்தில் வளர்ந்தவர்களுக்குத் தொகுப்பின் அருமை தெரியும். ஒரு துண்டுத் தாளில் பாட்டுகளை வரிசையாக எழுதி ரெக்கார்டிங் சென்டரில் கொடுப்போம். டிடிகே அறுபதில் பதிந்து தருவார்கள். எதற்குப் பின் எது என்பதில்தான் அவரவர் ரசனை தெரியும். ஸ்பெயினின் இபிசா தீவில் ஹோசே பதியா இதே வேலையில்தான் பெயர் வாங்கினார். கடலோரத்து கஃபே டெல் மாரில் சூரியன் மறையும் நேரத்துக்கென்று நிதானமான மின்னணு இசையை அடுக்கி ஒலிக்கவிட்டவர் அவர். சந்தையில் கேஸட்டாக விற்றுவந்த அந்தக் கோவை 1994 முதல் குறுந்தகடாக வரத் தொடங்கியது. டவுன்டெம்போ என்றதும் பலருக்கு நினைவு வருவது அந்த வரிசைதான்.

1998இல் வந்த ஐந்தாம் தொகுதியில் நம்மூர்க்காரர் ஒருவர் இருக்கிறார். 'பம்பாய்' படத்துக்காக ஏ.ஆர்.ரஹ்மான் அமைத்த கருவியிசை அதில் இடம்பெற்றது. கோடம்பாக்கத்தில் வீட்டோடு சேர்த்துக் கட்டிய பஞ்சதன் ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவான இசை அது. படம் வெளியானது 1995இல். மறு ஆண்டே தீபா மேத்தாவின் 'ஃபயர்' படத்துக்கும் அது போய்ச் சேர்ந்திருந்தது.

ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும் அந்த இசையில் எனக்குப் பெரிதாகப் படுவது அதன் பொறுமை. முதலில் நவீனின் புல்லாங்குழல். ஒரு சொற்றொடரைச் சொல்லி நிறுத்துகிறது, மூச்சு அடங்கக் காத்திருக்கிறது, பிறகுதான் அடுத்தது. அதே மெட்டைத் தந்திக் கூட்டம் வாங்கிக்கொள்ளும்போது துக்கத்துக்கு எடை கூடுகிறது, வேகம் கூடுவதில்லை. தாளம் எங்கும் முன்னால் வந்து துருத்தாது. கலவரத்தைப் பற்றிய படத்துக்கு இவ்வளவு நிதானமான இசை போதும் என்று நம்பியது பெரிய துணிச்சல். கோடம்பாக்கத்து வயலின்களில் ஊறிய காதுக்கு அந்தத் தந்திகள் உடனே சொந்தமாகிவிடும். குழல் மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாகவே வந்து நிற்கும்.

பதியாவுக்கு முன்பே இதைத் தொகுப்பில் சேர்த்தவர் தப்லா கலைஞர் டால்வின் சிங். லண்டனில் ஹாக்ஸ்டன் சதுக்கத்து ப்ளூ நோட்டில் அவர் நடத்திவந்த அனோக்கா இரவுகளிலிருந்து பிறந்தது 1997இல் வந்த 'அனோக்கா' தொகுப்பு. அதில் டால்வினின் 'ஜான்', ஸ்டேட் ஆஃப் பெங்காலின் 'ஃப்ளைட் ஐசி 408' என்று ட்ரம் அண்ட் பேஸ் பாய்ச்சல்கள்தான் அதிகம். அந்த ஓட்டத்துக்கு நடுவே ரஹ்மானின் குழல் வருகிறது. அரியக்குடி வகுத்த கச்சேரிப் பத்ததியில் கனமான உருப்படிகளுக்கு இடையே துரித காலக் கீர்த்தனை ஒன்று வருமே, அதைத் தலைகீழாக்கிய மாதிரி. ஓட்டத்தின் நடுவில் ஒரு சவுக்கம்.

கஃபே டெல் மார் தொகுப்பை எலியட்ஸ் பீச்சில் கேட்க விரும்புகிறவர்கள் காலையில் போகவேண்டும். இபிசாவின் சூரியன் கடலில் இறங்குகிறது, அடையாறுக்காரர்களின் சூரியன் கடலிலிருந்து ஏறுகிறது. மாலைக்கென்று கோத்த இசை வங்கக் கடல் விடியலுக்கும் அப்படியே பொருந்துவதைக் கேட்டுத்தான் நம்பவேண்டும். மெல்ல மாறும் ஒளிக்கு ஏற்ற அடுக்கு அது.

இரண்டில் எது ரஹ்மானுக்கு அதிகம் செய்தது என்று கேட்டால், யோசிக்காமல் 'அனோக்கா' என்பேன். பதியா தன் சாந்தமான கூட்டத்தில் ஒரு சாந்தத்தைச் சேர்த்தார். அங்கே குழல் இதமாக இருக்கிறது, அதோடு சரி. பாய்ச்சலுக்குப் பின் வரும்போதுதான் அதன் துயரம் தெரிகிறது. வரிசையைக் கலைக்காமல், முதல் பாட்டிலிருந்தே, நல்ல ஸ்பீக்கரில் கேளுங்கள்.