நட்சத்திரம் சொல்லாத கணக்கு

குளிர்பதனப் பெட்டி (ஃபிரிட்ஜ்) வாங்கச் செல்பவர் கண்ணில் முதலில் படுவது, கதவில் ஒட்டியுள்ள நட்சத்திரச் சீட்டு. மின்சாரச் சிக்கனத்துக்காக மத்திய அரசு 2006-ல் தொடங்கிய திட்டம் இது. உறைபனி படியாத வகைப் பெட்டிகளுக்கு 2010 முதல் இச்சீட்டு கட்டாயம். அதற்கு முன் கடைக்காரர் சொல்லே வேதவாக்காக இருந்தது. அந்த வகையில் சீட்டு வரவேற்கத்தக்கதே. ஆனால் அது முக்கியமான செய்தியைச் சிறிதாகவும், முக்கியம் குறைந்ததைப் பெரிதாகவும் சொல்கிறது.

நட்சத்திரம் எதைக் குறிக்கிறது? பெட்டியின் கொள்ளளவுக்கு மின்செலவு எவ்வளவு என்பதைத்தான். ஆகவே ஐந்து நட்சத்திரம் பெற்ற பெரிய பெட்டி, மூன்று நட்சத்திரம் பெற்ற சிறிய பெட்டியைவிடக் கூடுதலாக மின்சாரம் குடிக்கலாம். நட்சத்திர அளவுகோலும் அவ்வப்போது கடுமையாக்கப்படுகிறது. பழைய ஐந்தும் புதிய ஐந்தும் ஒன்றல்ல. நாம் பார்க்க வேண்டியது, ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று சீட்டில் உள்ள எண்.

அந்த எண்ணிலும் குறை உண்டு. சோதனை நடப்பது மூடிய கதவுடன், 32 டிகிரி செல்சியசுக்கு மேற்படாத அறையில். பண்ருட்டியின் கத்திரி வெயிலில் சமையலறை 40 டிகிரியைத் தொடலாம். பெட்டிக்குள் 4 டிகிரி என்றால், வெப்பநிலை வேறுபாடு 28-லிருந்து 36 ஆகிறது. உள்ளே கசியும் வெப்பம் ஏறத்தாழ 30 சதவீதம் கூடுகிறது. அதே சமயம், ஒவ்வொரு கலோரியையும் வெளியேற்றக் கம்ப்ரசர் முன்பைவிட அதிகம் உழைக்க வேண்டும். ஆகவே மின்செலவு 30 சதவீதத்துக்கும் மேலாகவே உயரும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பெட்டியின் தகட்டில் 120 வாட் என்று கண்டு, அதை 24 மணியால் பெருக்கி, நாளுக்கு 2.88 யூனிட் என்று அஞ்சுவோர் பலர். சாதாரணக் கம்ப்ரசர் விட்டுவிட்டுத்தான் ஓடும். நாளில் மொத்தம் பத்து மணி நேரம் ஓடினால் செலவு 1.2 யூனிட்டே.

தமிழ்நாட்டில் மின்கட்டணம் இரு மாதங்களுக்கு ஒரு முறை கணக்கிடப்படுகிறது. 2016 முதல் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஆண்டுக்கு 210 யூனிட் என்று சீட்டு கூறும் பெட்டி, இரு மாதத்துக்கு 35 யூனிட் எடுக்கும். இலவசத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரு பெட்டிக்கே போகிறது! வாங்குபவருக்குப் புரியும் எண் 210 அல்ல, 35.

இலவச யூனிட்டுக்கும் ஒரு விலை உண்டு. பண்ருட்டிக்கு அருகிலுள்ள நெய்வேலியில் கிடைக்கும் பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறத்தாழப் பாதி ஈரம். ஒரு கிலோவில் சுமார் 2,600 கிலோ கலோரி வெப்பமே கிடைக்கும். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. ஒரு யூனிட் என்பது 860 கிலோ கலோரி. எனவே ஒரு யூனிட்டுக்கு ஒரு கிலோ கரி. நம் பெட்டிக்கு ஆண்டுக்கு 200 கிலோவுக்கு மேல். அதை எடுக்க, அதைப்போலப் பல மடங்கு மண்ணை அகற்ற வேண்டும்; அடியிலுள்ள நிலத்தடி நீரை இடைவிடாது இறைக்க வேண்டும். சுற்றுவட்டார மக்களின் விளைநிலங்களே சுரங்கங்களாயின.

ஆகவே, சீட்டில் நட்சத்திரத்தைவிட யூனிட் எண் பெரிதாக இருக்க வேண்டும். இரு மாதச் செலவையும், கோடைக்காலச் செலவையும் தமிழில் அச்சிட வேண்டும். அதுவரை வாசகர்கள் அந்த எண்ணை ஆறால் வகுத்துப் பார்த்து வாங்குவது நல்லது.