தன்னைப் பேணலும் தன்னலமும்: ஒரு குறளாராய்ச்சி

“முதலில் நான் முன்னேறட்டும், பிறர்க்கு உதவுவதைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம்” என்னும் சொல்லை மாணவர் வாயிலும் பெற்றோர் வாயிலும் ஒருங்கே கேட்கின்றோம். இதனைத் தன்னலம் என்று கடிந்து ஒதுக்குதல் எளிது. ஆயின், பலர் உண்ணும் வீட்டில் உழைப்பவர் ஒருவரே என்றால், அவர் தம் உடலையும் தொழிலையும் பேணாது வாரி வழங்குதல் அறமாகுமா என வினவுவார்க்கு விடை கூறுதல் அத்துணை எளிதன்று. இவ்வினாவிற்குத் திருக்குறள் தரும் விடை யாது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

தன்னலத்தைக் கண்டிக்கக் குறளைத் துணைக்கழைப்போர் அன்புடைமை, ஒப்புரவறிதல், ஈகை ஆகிய அதிகாரங்களோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றனர். அன்பில்லார் எல்லாவற்றையும் தமக்கென்றே கொள்வர் என்றும், அன்புடையார் தம் உடம்பையும் பிறர்க்கென எண்ணுவர் என்றும் 72 ஆம் குறள் உரைப்பது உண்மையே. ஆனால் அதே நூலின் 209 ஆம் குறள், ஒருவன் தன்மேல் உண்மையான அன்புடையவனாயின் எத்தகைய தீவினையையும் அணுகாதிருக்கக் கடவன் என்கின்றது. தன்னைக் காத்துக்கொள்ள விரும்புவோன் சினத்தைத் தடுக்க வேண்டும் என்பது 305 ஆம் குறள். ஈரிடத்தும் அறத்திற்குக் காரணமாகக் காட்டப்படுவது தன்மேற்கொண்ட அன்பே. ஆகவே, தன்னை நேசித்தலை வள்ளுவர் குற்றமாகக் கருதவில்லை. தமக்கு மட்டுமே உரியராய் வாழ்தலையே குற்றமாகக் கருதினார் என்பது பெறப்படும்.

இனி, இவ்வாராய்ச்சியில் இடர்ப்பாடு ஒன்று எழுகின்றது. ஒப்புரவினால் ஒருவனுக்குக் கேடு வருமாயின், தன்னை விற்றேனும் அக்கேட்டினைப் பெறுதல் தகும் என்று 220 ஆம் குறளில் கூறும் ஆசிரியர், தன் செல்வத்தின் அளவை ஆராயாது செய்யும் ஒப்புரவினால் அச்செல்வம் விரைந்து கெடும் என்று 480 ஆம் குறளில் எச்சரிக்கின்றார். ஓரிடத்தில் விரும்பத்தக்கதாகிய கேடு மற்றோரிடத்தில் அஞ்சத்தக்கதாவது எங்ஙனம்?

முன்னது அறத்துப்பாலில் இல்லறத்தானுக்குக் கூறியது. பின்னது பொருட்பாலில் வலியறிதல் அதிகாரத்தில் அரசனுக்குக் கூறியது. ஆதலின் முரண் இல்லை என்பது ஒரு சமாதானம். நூலமைப்பை நோக்க இது பொருந்துவதே. எனினும் இது முழு விடையாகாது. அளவறிந்து வாழாதவன் வாழ்க்கை உள்ளது போலத் தோன்றி அழியும் என்னும் 479 ஆம் குறளின் உண்மை, அரண்மனைக்கு மட்டுமன்றிக் குடிசைக்கும் உரியது. தன் வலியறியாது வழங்கியவன் ஈற்றில் பிறர் கையை எதிர்பார்க்க நேரும். அவ்விரவு எத்துணைக் கொடியது என்பதை இரவச்சம் என்னும் அதிகாரம் விரித்துரைக்கின்றது. தன்னைப் பேணலின் நன்மை இதுவே: அது ஒருவனைப் பிறர்க்குச் சுமையாகாது காக்கின்றது.

முரணை நீக்கும் திறவுகோல் 477 ஆம் குறளில் உளது. தன் ஆற்றலின் அளவறிந்து கொடுக்குமாறு கூறும் ஆசிரியர், அதுவே பொருளைக் காத்து வழங்கும் வழி என்கின்றார். காத்தல், வழங்குதல் இரண்டும் அங்கே ஒருங்கு நிற்கின்றன. வழங்குவதற்காகவே காத்தல் வேண்டும் என்பதே கருத்து. ஒப்புரவாளனின் செல்வத்தை ஊரார் நீருண்ணும் குளத்திற்கு ஒப்பிட்ட 215 ஆம் குறளும் இதனையே உணர்த்தும். குளத்திற்குக் கரை வேண்டும். ஆயின் கரை எழுப்பியது நீருண்ண வருவோரைத் தடுத்தற்கன்று.

ஈண்டு ஓர் ஐயம் நியாயமானது. அளவு என்று கூறிய வள்ளுவர் அவ்வளவு எவ்வளவு என்று கூறினாரல்லர். அளக்கும் கோல் அவரவர் கையிலேயே உளது. தன்னலமோ, “குளம் இன்னும் நிரம்பவில்லை” என்று என்றும் கூற வல்லது. தேர்வு முடியட்டும் என்பவன் உத்தியோகம் கிடைக்கட்டும் என்பான். கிடைத்தபின் வீடு கட்டி முடியட்டும் என்பான். பின்னர் மக்களைக் கரைசேர்க்க வேண்டும் என்பான். இவை ஒவ்வொன்றும் தனித்து நோக்க நியாயமானவையே. ஆனால் அனைத்தும் கூடி ஒரு வாழ்நாளை விழுங்கிவிடுகின்றன. தன்னை முன்வைத்தலின் பெருந்தீமை இங்கேதான் உளது. அது கொடியவன் வடிவில் வருவதில்லை. பொறுப்புள்ளவன் வடிவிலேயே வருகின்றது.

இதற்கும் நூலுள்ளே மருந்து உண்டு. அறத்தைப் பின்னொரு நாளுக்கு ஒத்திவையாது இப்பொழுதே செய்க என்பது 36 ஆம் குறளின் துணிபு. 477, 36 ஆகிய இரு குறள்களையும் இணைத்து நோக்கின் வள்ளுவர் வகுத்த எல்லை புலனாகும். கொடைக்கு அளவு உண்டு, தவணை இல்லை. சிறிது உடையவன் சிறிதே கொடுக்கலாம். ஆனால் பெரிது வரும்வரை காத்திருத்தல் ஆகாது. இவ்வெல்லையைக் கடந்தவன் செல்வத்தையே 1008 ஆம் குறள் ஊர் நடுவே பழுத்த நச்சு மரம் என்கின்றது. ஒப்புரவாளன் செல்வத்தைக் கூறும் 216 ஆம் குறளிலும் ஊருள்ளே பழுத்த மரமே உவமை. இடமும் ஒன்று, பழுத்தலும் ஒன்று, பயனே வேறு.

திருக்குறளைப் பரிமேலழகர் உரையுடன் பதிப்பித்த ஆறுமுக நாவலரின் வாழ்வு இதற்குச் சான்று பகரும். மெதடிஸ்த மிஷன் பாடசாலையில் ஆங்கிலம் கற்று, அங்கேயே கற்பித்து, பார்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பிற்கும் துணைபுரிந்த அவர், தம்மை நிரப்பிக்கொள்வதில் குறை வைக்கவில்லை. எனினும் நிரம்பியது போதாது என்று காத்திருக்கவுமில்லை. 1848 ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது அவருக்கு இருபத்தாறு வயது நிரம்பவில்லை. ஊதியம் தந்த பணியை விட்டவர், மறு ஆண்டே அச்சியந்திரம் பெறச் சென்னை சென்றார். அவர் துறந்தது தம் வருவாயை. தேடியது தொண்டிற்கு வேண்டிய வலிமையை. வலியறிதலும் ஒப்புரவும் அவரிடம் முரணவில்லை.

யாழ்ப்பாணத்துக் கிணறு இதனை நமக்கு நாள்தோறும் கற்பிக்கின்றது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லாத இம்மண்ணில், சுண்ணக்கற் பாறையினுள் தங்கிய மழைநீரே நம் உயிர். அளவிறந்து இறைத்தால் அது உவராகும். அதற்கஞ்சி இறையாது விட்டாலோ நீர் பழுதடையும். இறைக்கின்ற கிணறே ஊறும் என்பர் நம் முன்னோர். இன்று தான் கற்ற கணக்கை அயல்வீட்டுச் சிறுவனுக்கு அரைமணி நேரம் சொல்லிக்கொடுக்கும் மாணவன் தன் தேர்வை இழந்துவிடமாட்டான். அவ்வரைமணி நேரத்தையும் தேர்விற்குப் பின் என்று ஒதுக்கும் பழக்கமே, அவன் பின்னர் எத்துணை உயர்ந்தபோதும் அவனை விட்டு நீங்காது நிற்கும்.